தாத்தா குதித்தது எந்த பிரைட்டனில்?

என் மாமியார் வீட்டில் ஒரு பழைய குவாலிட்டி ஸ்ட்ரீட் சாக்லேட் டின் இருக்கிறது. நம் வீடுகளில் பிஸ்கட் டின்னைத் திறந்தால் ஊசியும் நூலும் இருக்குமே, அந்தக் கதைதான். சாக்லேட் தவிர மற்றதெல்லாம் உள்ளே உண்டு. போர்க்கால ரேஷன் புத்தகம், யாருடைய சட்டையிலிருந்து விழுந்ததென்று தெரியாத பொத்தான்கள், ஓரம் சுருண்ட போட்டோக்கள், அவற்றுக்கு அடியில் ஒரு போஸ்ட்கார்டு.

2021 கிறிஸ்துமஸ் அன்று சாப்பாடு முடிந்ததும் அந்தக் கார்டை எடுத்து என் கையில் கொடுத்தார். அரைக்கால் நீச்சலுடையில் ஒரு மனிதர் சைக்கிள் மேல் உட்கார்ந்திருக்கிறார். சைக்கிள் காற்றில் நிற்கிறது. கீழே கடல், இடப்பக்கம் மரச்சட்டமும் இரும்புத் தூணும், மேலே கைப்பிடிக் கம்பியை ஒட்டித் தொப்பி தொப்பியாகக் கூட்டம். படத்தின் அடியில் "புரொஃபசர்" என்று தொடங்கி ஒரு பெயர்.

"என் அம்மாவின் அப்பா," என்றார். "பிரைட்டனில் சைக்கிளோடு கடலில் குதிப்பவர். 1912-இல் அப்படிக் குதித்தபோதே போய்விட்டார். அம்மாவுக்கு அப்போது நாலு வயது."

மாமியாருக்கு அன்று 87 வயது. லிவர்பூலில் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் எல்லோரையும் போல நானும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். இங்கே எழுதும்போது மட்டும் கை தானாக 'அத்தை' என்று எழுதுகிறது, அப்படியே இருக்கட்டும்.

நான் தூத்துக்குடிக்காரி. கடலில் முங்குகிறவர்கள் எனக்குப் புதிதில்லை. சங்கு குளிக்கப் போகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவள். அப்பாவிடம் போனில் இதைச் சொன்னபோது, "என்னம்மா, சங்குமில்லாம முத்துமில்லாம சும்மாவா முங்கினாரு?" என்று கேட்டார். வேடிக்கை பார்க்க ஜனங்கள் காசு போட்டார்கள் என்றேன். அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. தம்பிக்கு வேறு சந்தேகம். பிரிட்டிஷ் கடற்கரை ஊர்களில் கடலுக்குள் நீண்டுகொண்டு போகும் இரும்புக்கால் பாலத்தை 'பியர்' என்பார்கள். "பீர் மேல இருந்தா குதிச்சாரு?" என்றான். அதனால் இனிமேல் கடற்பாலம் என்றே எழுதுகிறேன்.

இந்தத் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். கேப்டன் மேத்யூ வெப் 1875 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை 21 மணி 45 நிமிடத்தில் நீந்திக் கடந்தார். அதன்பின் இங்கிலாந்தில் நீச்சல் பைத்தியம் பிடித்தது. அடுத்த வாரமே, செப்டம்பர் 1-இல், 14 வயது ஆக்னஸ் பெக்வித் தேம்ஸ் நதியில் லண்டன் பாலத்திலிருந்து கிரீனிச் வரை நீந்தினாள். அவளுடைய அப்பா லாம்பெத் குளத்தில் நீச்சல் கற்றுக்கொடுத்தவர், 'புரொஃபசர்' பெக்வித். எந்தப் பல்கலைக்கழகமும் கொடுத்த பட்டமில்லை அது. நம் ஊரில் சிலம்பம் கற்றுத் தருகிறவரை வாத்தியார் என்கிறோமே, அது மாதிரி. நீச்சல்காரர், மண்டையோட்டைத் தடவிக் குணம் சொல்கிறவர், பொம்மலாட்டக்காரர் எல்லோரும் தங்களுக்குத் தாங்களே புரொஃபசர் போட்டுக்கொண்டார்கள்.

இந்தப் புரொஃபசர்கள் குளத்தில் காட்டிய வித்தைகள் கடற்பாலத்துக்கு வந்தன. தண்ணீருக்கடியில் சாப்பிடுவது, குடிப்பது, புகைப்பது, கை காலைக் கட்டிச் சாக்குக்குள் போட்டுக் கடலில் தள்ளச் சொல்லி அவிழ்த்துக்கொண்டு மேலே வருவது, உயரத்திலிருந்து டைவ் அடிப்பது, உடம்பில் தீ வைத்துக்கொண்டு குதிப்பது. சைக்கிள் பாய்ச்சல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த மோகம். இங்கிலாந்தின் தென்கரை ஊரான பிரைட்டனில், வெஸ்ட் பியர் என்ற கடற்பாலத்தில், புரொஃபசர் ரெடிஷ் என்பவர் சைக்கிளோடு பறக்கும் போஸ்ட்கார்டுகள் இன்றும் பழம்பொருள் கடைகளில் கிடைக்கின்றன. சவுத்போர்ட்டில் புரொஃபசர் பவுசி பெரிய பெயர். ஆபத்து நிஜமானது. குதிப்பதில் பேர் பெற்ற டாமி பர்ன்ஸ் 1897-இல் வேல்ஸில் ரில் கடற்பாலத்தில் வித்தை காட்டும்போது இறந்தார். கேப்டன் வெப்பே 1883-இல் நயாகராவின் சுழலில் போனவர்தான். ஆகவே அத்தை சொன்ன மரணத்தை நம்பாமலிருக்க எனக்குக் காரணம் இருக்கவில்லை.

அன்றிரவே ஒரு நோட்டை எடுத்து அத்தைக்கு நினைவிருந்ததையெல்லாம் எழுதிக்கொண்டேன். நான் செய்த உருப்படியான முதல் காரியம் அதுதான். சம்பந்தமில்லாததாகத் தோன்றியதையும் எழுதினேன். அத்தையின் அம்மா வாழ்நாள் முழுக்கக் கடலில் கால் நனைத்ததில்லை. சைக்கிள் ஓட்டக் கற்றதில்லை. போர்க்காலத்தில் ரேடியோவில் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சி வரும், அதில் ஒரு குறிப்பிட்ட ஆள் பேச ஆரம்பித்ததும் ரேடியோவை அணைத்துவிடுவார். இந்தக் கடைசி வரியை நோட்டில் தமிழில் அவசரமாகக் கிறுக்கி வைத்தேன். அது பின்னால் வரும்.

முதல் நாலு மாதம் வீண். பிரைட்டன் என்று சொன்னார்களா, பிரைட்டனில் தேடினேன். பிரிட்டிஷ் நூலகத்தின் பழைய செய்தித்தாள்கள் இணையத்தில் தேடக் கிடைக்கின்றன. தேடுவது இலவசம், பக்கத்தைத் திறக்கத்தான் சந்தா, சில பொது நூலகங்களில் அதுவும் இலவசம். அந்தத் தாள்களை எழுத்தாக மாற்றியது இயந்திரம். அதன் கண்ணுக்கு 'டைவர்' எல்லாம் 'டிரைவர்'. ஒரு வாரம் குதிரை வண்டி விபத்துகளாகப் படித்துத் தள்ளினேன். பிறகுதான் புத்தி வந்தது. ஒரு சொல்லைத் தேடாமல், அந்தக் காலத்து ஆட்கள் இந்த வித்தையை என்னென்ன சொல்லால் எழுதியிருப்பார்கள் என்று பார்த்துத் தேட வேண்டும். நீர்வித்தை, அலங்கார நீச்சல், சாகசப் பாய்ச்சல் என்று அதற்குப் பத்துப் பெயர் இருந்தன. புரொஃபசர் என்பதையும் முழுதாக ஒரு தடவை, சுருக்கி ஒரு தடவை போட வேண்டும். இன்னொன்று, ஊர்ச் செய்தித்தாளோடு நிற்காதீர்கள். 'தி எரா', 'தி ஸ்டேஜ்' இரண்டும் மேடைக் கலைஞர்களின் தொழில் பத்திரிகைகள். கலைஞர்கள் தங்களுக்கு எந்த வாரம் வேலை இல்லையென்று அவற்றில் தாங்களே விளம்பரம் போட்டார்கள். ஆள் எங்கே இருந்தார் என்பதை அந்த விளம்பரங்களிலிருந்தே பிடிக்கலாம்.

தேடியதில் ஒரு மரணம் கிடைத்தது. 1912, பிரைட்டன் வெஸ்ட் பியர், சைக்கிள் பாய்ச்சல். எல்லாம் பொருந்தியது, பெயரைத் தவிர. இறந்தவர் 'புரொஃபசர் சிரில்' என்ற பெயரில் வித்தை காட்டியவர். நம் கார்டில் இருந்த பெயர் வேறு. ஒரே ஊர், ஒரே ஆண்டில் இரண்டு பேர் சைக்கிளோடு விழுந்து செத்திருப்பார்களா? அப்படி நடந்திருந்தால் பத்திரிகைகள் விட்டிருக்குமா? இங்கே விபத்து மரணம் என்றால் மரண விசாரணை அதிகாரி கட்டாயம் விசாரிப்பார், உள்ளூர்ப் பத்திரிகை அதைப் பத்தி பத்தியாக அச்சிடும். நம் ஆளுக்கு அப்படி ஒரு வரிகூட இல்லை.

அப்போதே நான் நின்றிருக்க வேண்டும். ஆசை விடவில்லை. அத்தையின் தாத்தாவுடைய நிஜப் பெயரில், வயதும் ஒத்துப்போகிற ஒருவர் பிரைட்டன் பகுதியில் 1912-இல் இறந்ததாகப் பதிவு அட்டவணையில் இருந்தது. காசு கட்டி இறப்புச் சான்றிதழை வரவழைத்தேன். வந்தது ஒரு கொத்தனார், காசநோய், மருத்துவமனையில். அந்தக் கொத்தனாரின் மனைவி பெயர், தெரு எல்லாம் இப்போது எனக்கு மனப்பாடம். பாவம், அவரை யாராவது தேடிக்கொண்டிருந்தால் சான்றிதழ் என்னிடம் இருக்கிறது.

திருப்பம் வந்தது லிவர்பூல் மத்திய நூலகத்தில். ஆவணப் பிரிவில் இருந்த பெரியவரிடம் கதையைச் சொன்னேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "குடும்பம் எந்த ஊர்?" என்றார்.

"லிவர்பூல்தான்."

"அப்படியென்றால் எந்த பிரைட்டன் அம்மா?"

மெர்சி ஆற்றின் முகத்துவாரத்தில், லிவர்பூலுக்கு எதிர்க்கரையில், நியூ பிரைட்டன் என்று ஒரு ஊர் இருக்கிறது. படகில் அரைமணி. லிவர்பூல் தொழிலாளர்கள் ஞாயிற்றுக்கிழமை காற்று வாங்கப் போன ஊர். கல்யாணம் கட்டி இங்கே வந்து 19 வருடமாகிறது, அந்தப் பெயர்ப் பலகையை எத்தனையோ தடவை கடந்து போயிருக்கிறேன். தோன்றவே இல்லை.

வீட்டுக்கு வந்து போஸ்ட்கார்டை மேசை விளக்கின் கீழ் வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். நாலு மாதமாக அதன் முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பின்பக்கம் நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் சேதி, வலப்பக்கம் விலாசம். பிரிட்டனில் 1902-க்கு அப்புறம்தான் இப்படிக் கோடு போட்ட கார்டுகள். எட்வர்ட் மன்னர் தலை போட்ட பச்சை அரைப் பென்னி தபால்தலை. 1918 ஜூன் வரைக்கும் கார்டுக்கு அரைப் பென்னிதான். முத்திரை வட்டத்தில் 09 என்ற ஆண்டு தெரிந்தது. ஊர்ப் பெயரில் 'பிரைட்டன்' பளிச்சென்று இருந்தது. அதற்கு முன்னால் மை மங்கிய இடத்தை அழுக்கு என்று நினைத்திருந்தேன். பூதக்கண்ணாடியில் அங்கே ஓர் எழுத்தின் சாய்ந்த கால் நின்றது.

முன்பக்கத்தைத் திரும்பப் பார்த்தேன். கூட்டத்தின் தலைக்குப் பின்னால் வலது மூலையில் குறுக்கும் நெடுக்குமாக ஒரு கம்பிப் பின்னல். கப்பல் பாய்மரம் என்று விட்டிருந்தேன். நியூ பிரைட்டனில் 1900 வாக்கில் 567 அடி உயரத்துக்கு ஒரு கோபுரம் நின்றது. புகழ்பெற்ற பிளாக்பூல் கோபுரத்தைவிட உயரம். முதல் உலகப்போர்க் காலத்தில் பராமரிப்பில்லாமல் துருப்பிடித்து, 1919-இல் பிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். தெற்கே உள்ள பிரைட்டனில் அப்படி ஒன்று இருந்ததே இல்லை.

சேதி மூன்றே வரி: நல்ல வெயில். நாளைக்கு இரண்டு தடவை. குட்டிக்கு ஒரு முத்தம். கையெழுத்தில் கீழ்நோக்கி வரும் எழுத்துகளின் வால் எல்லாம் தூண்டில் முள் மாதிரி வளைந்திருந்தன. ஆற்றைக் கடந்தால் வீடு, அதற்கு எதற்குக் கார்டு என்று யாரும் கேட்கலாம். அந்த நாளில் தபால்காரர் ஒரே நாளில் பல தடவை வருவார். காலையில் போட்டது சாயங்காலம் போய்ச் சேர்ந்துவிடும். வாட்ஸ்அப்தான்.

'இரண்டு தடவை' என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மெர்சியில் பெரிய ஓதங்களின்போது ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வித்தியாசம் பத்து மீட்டர் வரை போகும். குதிக்கும் பலகை இருந்த இடத்தில்தான் இருக்கும், கடல்தான் இரண்டு மாடி உயரத்துக்கு ஏறும், இறங்கும். காலையில் குதித்த உயரம் மாலையில் இல்லை. இறக்கத்தில் உயரம் கூடும், ஆழம் குறையும். சைக்கிளோடு விழுகிறவர் முதலில் சைக்கிளை விட்டு விலக வேண்டும், அதற்குள் தண்ணீர் வந்துவிடக் கூடாது. அதனால்தான் இவர்களின் விளம்பரங்களில் நேரம் நாளுக்கு நாள் மாறிக்கொண்டே இருக்கிறது. நம் ஊர் மீனவர் கடலின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்துக் கடலுக்குப் போவதுபோல இவர்களும் ஓத அட்டவணையைப் பார்த்துத்தான் பிழைத்திருக்கிறார்கள்.

சரி, ஊர் கிடைத்தது. அடுத்து, கார்டில் இருந்த பெயருக்கும் வீட்டுப் பெயருக்கும் என்ன உறவு? பதில் எளிதாக இருந்தது, நான்தான் சுற்றி வளைத்தேன். பிறப்பு இறப்புப் பதிவுத் தலைமை அலுவலகம் புதிதாகத் தயாரித்த இணைய அட்டவணையில் 1837 முதலான பிறப்புகளுக்குத் தாயின் பிறந்தவீட்டுப் பெயரும் உண்டு. பழைய காலாண்டு அட்டவணைகளில் அது 1911 நடுவிலிருந்துதான் வரும். 1880 மார்ச்சில் பிறந்த தாத்தாவின் பதிவில் தாயின் பிறந்தவீட்டுப் பெயர் என்ற இடத்தில், கார்டில் இருந்த அதே பெயர். அம்மாவின் குடும்பப் பெயரை மேடைக்கு எடுத்திருக்கிறார். வித்தைக்காரர், நாடகக்காரர் யாரைத் தேடினாலும் இதை முதல் நாளே பார்த்துவிடுங்கள். எனக்கு அது ஐந்தாவது மாதம் உறைத்தது.

அப்புறம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1911 கணக்கெடுப்பு ஏப்ரல் 2-ஆம் தேதி. குடும்பத் தலைவரே தன் கையால் நிரப்பிய படிவம் பாதுகாக்கப்பட்டிருப்பது இந்த ஆண்டிலிருந்துதான். லிவர்பூலில் ஒரு வாடகை வீடு, நிஜப் பெயர், வயது 31, மனைவி, பெண் குழந்தை. தொழில்: மாநகராட்சி நீச்சல் குள உதவியாளர். எழுத்தின் வால்கள் தூண்டில் முள்ளாக வளைந்திருக்கின்றன. புரொஃபசரும் இல்லை, சைக்கிளும் இல்லை. ஏப்ரலில் எவன் கடலில் குதிப்பான்? கடற்கரை வித்தை கோடைத் தொழில். குளிர்காலத்தில் இவர்கள் குளத்தில் துண்டு கொடுத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்துக்கொண்டு இருந்தார்கள். நான் மேடைக்காரரைத் தேடிக்கொண்டிருந்தேன். அரசாங்கம் கதவைத் தட்டிய நாளில் அவர் துண்டு மடித்துக்கொண்டிருந்திருக்கிறார். இந்த ஒன்று புரிந்த பிறகு நகராட்சிக் குளங்களின் குழு நடவடிக்கைப் புத்தகங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். உதவியாளர் ஒருவர் மே முதல் செப்டம்பர் வரை சம்பளமில்லா விடுப்புக் கேட்ட குறிப்பு மூன்று வருடம் தொடர்ந்து இருந்தது. நாலாவது வருடம் வேலையை விட்டதாக ஒரு வரி. அது 1912.

1921 கணக்கெடுப்பு 2022 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. 1931-க்கான படிவங்கள் 1942-இல் தீயில் எரிந்துபோயின, 1941-இல் போர் காரணமாக எடுக்கவே இல்லை. அதனால் இந்த ஒன்றுக்கு மதிப்பு அதிகம். இணையத்தில் ஒவ்வொரு படத்துக்கும் காசு கேட்டார்கள். மான்செஸ்டர் மத்திய நூலகத்தில் உட்கார்ந்து பார்த்தால் இலவசம், எனக்கு ரயிலில் 20 நிமிடம். போனேன்.

அந்தக் கணக்கெடுப்பை ஏப்ரலில் நடத்துவதாகத்தான் இருந்தார்கள். வேலைநிறுத்தப் பிரச்சினையால் ஜூன் 19-க்குத் தள்ளிப்போனது. கோடை! கடற்கரை ஊர்களில் விடுமுறைக் கூட்டம் நிரம்பிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. புள்ளிவிவரக்காரர்களுக்கு அது தலைவலி. கடற்கரைக் கலைஞர்களைத் தேடுகிறவர்களுக்கு அதிர்ஷ்டம். யாரிடம் வேலை, எந்த இடத்தில் வேலை என்றும் அந்தப் படிவம் கேட்கிறது.

முதலில் லிவர்பூல் வீடு. பாட்டி, 'விதவை'. மகள், 13 வயது 1 மாதம். 1921 படிவத்தில் 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு தனிக் கேள்வி உண்டு. பெற்றோர் இருவரும் உயிரோடு இருக்கிறார்களா, ஒருவரா, இருவருமே இல்லையா என்று கேட்கும். அதில் 'தந்தை இல்லை' என்று எழுதியிருந்தது. பாட்டியின் கை. மற்ற கட்டங்களிலெல்லாம் பேனா லேசாக ஓடியிருக்கிறது, இந்த இரண்டு சொல்லில் மட்டும் மை கனத்து, முதல் எழுத்தின் மேல் இரண்டு தடவை போயிருக்கிறது.

சரி, இறந்துதான் போயிருக்கிறார் என்று கணினியை மூடப் போனேன். எதற்கும் இருக்கட்டும் என்று மேடைப் பெயரைத் தட்டினேன்.

வட வேல்ஸில் ஒரு கடற்கரை ஊர். குடும்பத் தலைவர், 41 வயது 3 மாதம். பிறந்த இடம் லிவர்பூல். தொழில்: நீர்வித்தைக் கலைஞர், சொந்தமாக. வேலை செய்யும் இடம்: கடற்பாலம். பக்கத்தில் மனைவி, அவர் வேறு பெண்மணி. 41 வயது 3 மாதம் என்பதை ஜூன் 1921-இலிருந்து கழித்தேன். மார்ச் 1880. எழுத்துகளின் வாலைப் பார்த்தேன். பக்கத்து மேசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார், நான் வாய்விட்டு என்னவோ சொல்லியிருக்கிறேன் போல.

ஒரே ஞாயிற்றுக்கிழமை இரவில், பாட்டி அவரைக் கொன்று எழுதியிருக்கிறார், அவர் தன்னை உயிரோடு எழுதியிருக்கிறார். இடையில் ஐம்பது அறுபது மைல்.

இப்படி விதவை என்று எழுதிய மனைவிகள் அந்தக் காலத்தில் நிறைய. விட்டுவிட்டுப் போனான் என்று சொல்வதைவிட அது கௌரவம். அதே வருடம் பிரைட்டனில் சைக்கிளோடு ஒருவர் இறந்த செய்தி லிவர்பூல் வரை வந்திருக்கும். ஊரும் பாதி ஒத்துப்போகிறது, தொழிலும் ஒத்துப்போகிறது. பாட்டி ஒரு மரணத்தைக் கடன் வாங்கியிருக்கிறார் என்பது என் ஊகம். ஊகம்தான், ஆவணம் இல்லை. குடும்பக் கோப்பில் அதைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.

மீதி விரைவாக முடிந்தது. போர் தொடங்கியதும் 1939 செப்டம்பர் 29-இல் எடுத்த பதிவேட்டில் பிறந்த தேதி முழுதாக இருக்கும், அதனால் ஆளை உறுதிப்படுத்த வசதி. அதில் அவர் நீச்சல் பயிற்சியாளர், அதே மேடைப் பெயர், அதே ஊர். அவருக்கும் மனைவிக்கும் கீழே இரண்டு வரிகள் கறுப்பாக மூடியிருந்தன. இறந்தது உறுதியாகாதவர்களின் பதிவைப் பிறந்து நூறு ஆண்டு ஆகும்வரை மூடி வைப்பது வழக்கம். இரண்டு பிள்ளைகள். ஊரின் பெயரை நான் எழுதாமல் விடுவதற்கு அந்த இரண்டு கறுப்பு வரிகள்தான் காரணம். இரண்டாவது திருமணத்துக்குப் பதிவு எதுவும் கிடைக்கவில்லை. இறப்பு 1947, மார்புச்சளி, வீட்டில், படுக்கையில், 67 வயது. இந்தச் சான்றிதழை வாங்கும்முன் கொத்தனாரை நினைத்து மூன்று தடவை சரிபார்த்தேன்.

இதை அத்தையிடம் எப்படிச் சொல்வது என்பதில் எனக்கும் என் கணவருக்கும் ஒரு மாதம் வாக்குவாதம். 87 வருடமாகத் தாத்தா வீரமரணம் அடைந்தவர் என்று நம்பியவரிடம் போய் உங்கள் தாத்தா ஓடிப்போனவர் என்பதா? விட்டுவிடு என்றார் அவர். என் கட்சி வேறு. கேட்டது அத்தை, கண்டுபிடித்ததை மறைக்க நான் யார்? கடைசியில் ஒரு வழி செய்தோம். எல்லாவற்றையும் கொட்டாமல், "பிரைட்டனில் இறந்தவர் வேறு ஆள் என்று தெரிகிறது, மேற்கொண்டு சொல்லட்டுமா?" என்று மட்டும் கேட்டேன். தேடுகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள்.

அத்தை இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் போன் செய்து, "என்னை நியூ பிரைட்டனுக்குக் கூட்டிக்கொண்டு போ, அங்கே வைத்துச் சொல்," என்றார்.

இப்போது அங்கே கடற்பாலம் இல்லை, 1970-களில் இடித்துவிட்டார்கள். படகும் வருவதில்லை. கலங்கரை விளக்கமும் கோட்டையும் நிற்கின்றன. காற்றில் பல் கிட்டியது. மீன் வறுவலும் சிப்ஸும் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். 1921-இன் இரண்டு படிவங்களையும் பிரதியெடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். அத்தை பாட்டியின் படிவத்தைத்தான் நெடுநேரம் பார்த்தார். 'தந்தை இல்லை' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டே, "அவருக்கு வேறு பிள்ளைகள் உண்டா?" என்றார். இரண்டு கறுப்பு வரிகளைச் சொன்னேன். "அவர்கள் எனக்கு என்ன வேண்டும்?" என்று யோசித்தார். ஆங்கிலத்தில் அதற்குப் பாதி என்று ஒரு அடைமொழி போட்டு இழுக்க வேண்டும். நமக்கு மாமா, சித்தி என்றால் முடிந்தது.

எழுதலாமா வேண்டாமா என்று அவர் இன்னும் சொல்லவில்லை. கடிதத்தின் முதல் வரைவு என்னிடம் இருக்கிறது.

அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் ரேடியோ விஷயத்தைச் சொன்னேன். நியூ பிரைட்டனைப் பற்றிப் படித்தபோது தெரிந்துகொண்டது. 1920-களில் இந்தக் கரையில் ஒற்றைக்கால்காரர் ஒருவர் படகுப் பயணிகளுக்காகக் குதித்துக் காசு கேட்பார். "டைவரை மறந்துவிடாதீர்கள், ஒவ்வொரு பென்னிக்கும் தண்ணீர் கொஞ்சம் சூடாகும்" என்பது அவருடைய கூவல். லிவர்பூல்காரரான டாமி ஹேண்ட்லி அதை நினைவில் வைத்திருந்து, போர்க்காலத்தில் பிபிசியில் வந்த தன் 'இட்மா' நிகழ்ச்சியில் ஒரு டைவரைப் பாத்திரமாக்கினார். "டைவரை மறந்துவிடாதீர்கள் சார்" என்பது நாடெங்கும் பேச்சாயிற்று. ஆள் நம் தாத்தா இல்லை, கரை மட்டும் அதே கரை.

"அதனால்தான் உங்கள் அம்மா ரேடியோவை அணைத்திருக்கிறார்," என்றேன்.

அத்தை சிப்ஸைக் கீழே வைத்தார். "அணைத்தார் என்றா சொன்னேன்?"

நோட்டைப் பிரித்துக் காட்டினேன். தமிழில் இருந்ததை அவருக்குப் படித்துச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். சத்தத்தைக் குறைப்பார் என்று சொன்னதை, அணைப்பார் என்று நான் எழுதியிருக்கிறேன். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன ஒட்டுச் சொல்தான் வித்தியாசம். கேட்டதைக் கேட்ட மொழியிலேயே, கேட்ட சொல்லிலேயே எழுதாததன் பலன்.

"எங்களைச் சமையலறைக்கு அனுப்பிவிடுவார்," என்றார் அத்தை. "நான் கதவு இடுக்கில் நின்று பார்த்திருக்கிறேன். சத்தத்தை நன்றாகக் குறைத்துவிட்டு, பெட்டியின் துணியில் காதை ஒட்டி வைத்துக்கொண்டு நிற்பார். அந்த ஆள் 'நான் கீழே போகிறேன் சார்' என்று சொல்லி முடிக்கும் வரைக்கும்."